கடைசியாகத் திறந்ததை முதலில் மூடு



ஞாயிறுதோறும் செம்பூரிலிருந்து தாராவிக்குப் போய், 90 அடி சாலைப் பக்கம் ஒரு சிறிய அறையில் பிள்ளைகளுக்குத் தமிழும் கொஞ்சம் கணிப்பொறியும் சொல்லித் தருகிறேன். அங்கே வரும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் ஆச்சி பாடும் தாலாட்டுகளைக் கேட்டு நோட்டில் எழுதி, கணிப்பொறியிலும் ஏற்றினாள். ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு மும்பை வந்தவர். சில பாட்டுகள் அவருடைய அம்மா சொல்லித் தந்தவை. சில மாமியார் சொல்லித் தந்தவை. அதுவரை எந்தத் தாளிலும் ஏறாதவை. அந்தக் கோப்பில் நேர்ந்த ஒரு பிழைதான் இன்றைய பாடம். காகிதமும் பென்சிலும் போதும். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார்த்திக் கொள்ளுங்கள்.

முதலில் குறிச்சொல் என்றால் என்னவென்று பார்ப்போம். ஒரு பாட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது கணிப்பொறிக்குத் தானாகத் தெரியாது. ஆகவே பாட்டின் முன்னே <பாட்டு> என்றும் பின்னே </பாட்டு> என்றும் எழுதுகிறோம். முன்னது தொடக்கக் குறி. சாய்கோடு உள்ளது முடிவுக் குறி. 1998 பிப்ரவரியில் வெளியான எக்ஸ்.எம்.எல். என்னும் முறையில் குறிகளின் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒரு குறிக்குள் இன்னொரு குறி அடங்கலாம். திருக்குறளை இப்படி ஏற்றினால் நூலுக்குள் பால், பாலுக்குள் அதிகாரம், அதிகாரத்துக்குள் குறள், குறளுக்குள் அடி என்று வரும்.

மாணவியின் கோப்பு, சுருக்கிச் சொன்னால், இப்படி இருந்தது:

1. <தொகுப்பு>
2. <பாட்டு>
3. <அடி>…</அடி>
4. <பாட்டு>
5. <அடி>…</அடி>
6. </பாட்டு>
7. </தொகுப்பு>
8. </பாட்டு>

கணிப்பொறி இதை ஏற்கவில்லை. "சார், திறந்தது அஞ்சு, மூடினது அஞ்சு. முதல்ல ஒண்ணு குறைஞ்சுது, கடைசியில சேர்த்துட்டேன். இன்னும் என்ன சார் தப்பு?" என்று கேட்டாள். நீங்களும் எண்ணிப் பாருங்கள், கணக்கு சரிதான். ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது, வரிசையும் வேண்டும்.

இடம் குறைந்த நம் வீடுகளில் டப்பாவுக்குள் டப்பா வைப்போம் அல்லவா? பெரிய டப்பாவைத் திறந்து, அதற்குள் நடு டப்பாவைத் திறந்து, அதற்குள் சின்ன டப்பாவைத் திறக்கிறோம். மூடும்போது சின்னதைத்தான் முதலில் மூட வேண்டும். பெரியதை முதலில் மூடிவிட்டால் உள்ளே கை போகாது. கடைசியாகத் திறந்ததை முதலில் மூடு: சட்டம் இவ்வளவுதான்.

இதைச் சோதிக்கக் கணிப்பொறி வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு அடுக்கு என்று பெயர். தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதைப் போல, மேலேதான் வைக்கலாம், மேலிருந்துதான் எடுக்கலாம். அடைப்புக்குறிகள் நிறைந்த கணக்குச் சூத்திரங்களைக் கணிப்பொறிக்குப் புரிய வைக்க இந்த முறையை வகுத்த ஃபிரீட்ரிக் பவர், கிளாவுஸ் சாமெல்சன் என்னும் ஜெர்மானியர் இருவர் 1957-இல் இதற்குக் காப்புரிமை கோரினார்கள்.

செய்முறை இதுதான். கோப்பை மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை படியுங்கள்.

தொடக்கக் குறி வந்தால் அதன் பெயரையும் வரி எண்ணையும் அடுக்கின் மேல் எழுதுங்கள்.

முடிவுக் குறி வந்தால் அடுக்கின் உச்சியைப் பாருங்கள். அதே பெயர் இருந்தால் அடித்துவிட்டு மேலே செல்லுங்கள். வேறு பெயர் இருந்தால் பிழை. அடுக்கே காலியாக இருந்தாலும் பிழை; திறக்காததை மூடப் பார்க்கிறோம்.

<இடைவெளி/> என்பது போலச் சாய்கோடு கடைசியில் இருந்தால், அது தானே திறந்து தானே மூடிக்கொள்ளும் குறி. அடுக்கைத் தொட வேண்டாம்.

கோப்பு முடியும்போது அடுக்கு காலியாக இருக்க வேண்டும். மிச்சம் இருந்தால் அது மூடாமல் விட்டது.

இப்போது மாணவியின் கோப்பைப் படிப்போம். வரி 1: அடுக்கில் தொகுப்பு. வரி 2: அதன் மேல் பாட்டு. வரி 3: அடி ஏறி உடனே இறங்கிவிட்டது. வரி 4: மேலே இன்னொரு பாட்டு. வரி 5: அடி ஏறி இறங்கியது. வரி 6: பாட்டு மூடுகிறது, உச்சியில் இருப்பது 4-ஆம் வரிப் பாட்டு, அது போயிற்று. வரி 7: தொகுப்பை மூடச் சொல்கிறது. ஆனால் உச்சியில் 2-ஆம் வரிப் பாட்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறது! நிறுத்துங்கள்.

பிழை தென்பட்ட இடம் 7-ஆம் வரி. பிழை பிறந்த இடமோ அதற்கு வெகு மேலே. வரி எண்ணையும் சேர்த்து எழுதியதன் பயன் இப்போது தெரிகிறதல்லவா?

நான் விளக்கி முடிப்பதற்குள் அவள் கடைசி </பாட்டு> குறியைத் தூக்கி </தொகுப்பு> குறிக்கு முன்னால் வைத்துவிட்டாள். அடுக்கு காலியாயிற்று, கணிப்பொறியும் ஏற்றுக்கொண்டது. நானும் வேறு பிள்ளையைக் கவனிக்கப் போய்விட்டேன். அங்கேதான் நான் தவறினேன்.

அடுத்த ஞாயிறு அவள் வாடிய முகத்தோடு வந்தாள். அச்செடுத்ததை ஆச்சிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். நடுவிலேயே ஆச்சி கையை நீட்டி, "நிறுத்துளா. இது எங்கம்மை பாட்டு இல்ல. எங்க மாமியா படிச்சது. அவ பேரு எங்க?" என்றாராம்.

நடந்தது இதுதான். முதல் பாட்டு, அது முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை. ஆகவே இரண்டாம் பாட்டு அதன் வயிற்றுக்குள் போய்விட்டது. அச்சில் மாமியார் பாட்டு அம்மா பெயரின் கீழ் வந்தது. அடுக்கைக் கேட்டால் எல்லாம் சரி. திறந்தவை எல்லாம் முறைப்படி மூடியிருக்கின்றன.

எக்ஸ்.எம்.எல். முறையில் இதற்காகவே இரண்டு சோதனைகள் உண்டு. குறிகள் ஒழுங்காக அடங்கியிருந்தால் கோப்பு நல்லமைப்பு உடையது. எதற்குள் எது வரலாம் என்று நாம் எழுதிவைத்த விதிகளுக்கும் பொருந்தினால்தான் அது செல்லத்தக்கது. தொகுப்புக்குள் பாட்டு வரலாம். பாட்டுக்குள் அடி மட்டுமே வரலாம் என்று நாங்கள் விதி எழுதினோம். சோதனைக்கும் அதே அடுக்கு போதும்: புதுப் பெயரை வைக்குமுன் உச்சியைப் பார்த்து, "உனக்குள் இது வரலாமா?" என்று கேட்க வேண்டும். 4-ஆம் வரியிலேயே பிழை அகப்பட்டுவிட்டது. </பாட்டு> குறி 3-ஆம் வரிக்குப் பின் போய்ச் சேர்ந்தது. மாமியாருக்கு அவர் பாட்டு கிடைத்தது.

இவ்வளவு வேலைக்கு அடுக்கு எவ்வளவு பெரிதாக வேண்டும்? நான் மேலே சொன்னபடி திருக்குறளை ஏற்றினால் நூல் 1, பால் 3, அதிகாரம் 133, குறள் 1330, அடி 2660. ஆகத் தொடக்கக் குறிகள் 4127. ஆனால் எந்த நேரத்திலும் அடுக்கில் 5 பெயருக்கு மேல் இருக்காது. சின்னப் பிள்ளையும் விரல்விட்டுச் செய்யலாம்.

பயிற்சிக்கு நான்கு கோப்புகள் தருகிறேன். ஒன்றுதான் சரி. மற்றவை ஏன் தவறு என்று பிள்ளைகள் சொல்லட்டும்.

அ. <வீடு><அறை></வீடு></அறை>
ஆ. <வீடு><அறை></அறை>
இ. <வீடு><அறை/><அறை></அறை></வீடு>
ஈ. <வீடு></வீடு></அறை>

உங்கள் வீட்டிலும் பாட்டோ, விடுகதையோ, ஊர்க் கதையோ தெரிந்த பெரியவர் இருந்தால் இந்த விடுமுறையில் எழுதி ஏற்றத் தொடங்குங்கள். அடுக்கை வைத்துச் சோதியுங்கள். விதியை எழுதிச் சோதியுங்கள். பிறகு அச்செடுத்து அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். நாங்கள் விதி எழுதியது ஆச்சி கையை நீட்டிய பிறகுதான்.