வீட்டு முயல்களின் நிறங்களையும் குறிகளையும் கண்டறியும் முறை

சென்னைப் பட்டணத்தின் வடபாகத்திலுள்ள பெரம்பூரில், வீட்டு மாடியிலும் பின்கட்டிலும் கூண்டு வைத்து முயல் வளர்ப்போர் உண்டு. அங்கே பிள்ளைகளின் பிரியத்திற்காக வளர்க்கப்படும் அதே பிராணியை நாட்டுப்புறத்துக் குடியானவர்கள் இறைச்சிக்காகவும் உரோமத்திற்காகவும் வளர்க்கின்றனர். இரு திறத்தாரும் முயல் வாங்கும்போது முதலில் பார்ப்பது நிறத்தையே. விற்பவர் சொல்லும் ஜாதிப் பெயரும் பெரும்பாலும் நிறத்தையொட்டியே அமைகிறது. ஆனால் நிறமானது சில விஷயங்களை உறுதியாகச் சொல்லும். வேறு சிலவற்றைச் சொல்லவே மாட்டாது. இந்த வித்தியாசத்தை அறியாமையால் மூன்று கேடுகள் விளைகின்றன. முதலாவது, ஒரு ஜாதிக்குரிய விலையைக் கொடுத்து வேறொன்றை வாங்கும் பண நஷ்டம். இரண்டாவது, பொருந்தாத இணை சேர்த்து நோஞ்சான் குட்டிகளைப் பெறுதல். மூன்றாவது, வீட்டு முயலென்று எண்ணிக் காட்டு முயலை வாங்கிச் சட்டத்தின் பிடியில் அகப்படுதல். ஆகையால் நிலமுடையோரும் கிராம நிர்வாக அலுவலர்களும் கீழ்க்கண்ட விவரங்களை அறிந்திருத்தல் நலம்.

உரோமத்தைச் சோதிக்கும் விதம்

முயலை எட்ட நின்று பார்த்து நிறத்தைத் தீர்மானித்தல் கூடாது. அதை மடியிலோ மேஜையிலோ அமைதியாக இருத்தி, முதுகின் நடுவில் வாயால் மெல்ல ஊத வேண்டும். உரோமம் பிரிந்து, தோல் முதல் நுனி வரையில் உள்ள நிறங்கள் தென்படும்.

1. அடியில் கருஞ்சாம்பல், நடுவில் மஞ்சள் கலந்த வளையம், நுனியில் கறுப்பு என்று அடுக்கடுக்காகத் தோன்றினால் அது அகூட்டி நிறமாகும். வீட்டு முயல்களின் மூதாதைகளாகிய ஐரோப்பியக் குழிமுயல்களின் இயற்கை நிறம் இதுவே. சாம்பல் ஜெயண்ட் என்று விற்கப்படும் முயல்களிலும் இது காணப்படும். இத்தகைய முயலின் வயிறும், கண்ணைச் சுற்றிய வட்டமும், வாலின் அடிப்பாகமும் வெளுத்திருக்கும்.

2. நடு வளையம் மஞ்சளாயிராமல் முத்துப்போல் வெண்மையாயிருந்தால் அது சின்சில்லா நிறமாகும். சோவியத் சின்சில்லா முயல்களுக்கு இந்நிறம் உண்டு. எட்டத்திலிருந்து பார்ப்போருக்கு முன் சொன்ன அகூட்டியும் இதுவும் ஒன்றுபோலவே தோன்றும். ஊதிப் பார்த்தால் மாத்திரமே வேறுபாடு விளங்கும்.

3. வளையம் யாதுமின்றி முதுகும் வயிறும் ஒரே நிறமாயிருந்தால் அது முழுநிறம்.

4. முதுகில் வளையமின்றி, வயிறும் கண் வட்டமும் மாத்திரம் வெளுத்தோ செம்மஞ்சளாகவோ இருந்தால் அது டான் வகையைச் சேர்ந்தது.

குட்டிகளை வைத்து அவசரப்பட்டு முடிவு செய்யலாகாது. குட்டிகள் உரோமமின்றிப் பிறக்கின்றன. சில தினங்களில் மெல்லிய உரோமம் முளைக்கிறது. ஏறக்குறைய 10 நாட்களில் கண் திறக்கிறது. இந்தக் குட்டி உரோமம் உதிர்ந்து முதிர்ந்த உரோமம் வர 5 அல்லது 6 மாதங்களாகும். உண்மையான நிறத்தை அப்போதுதான் துணிந்து கூறலாம்.

நிறத்தை ஆளும் பரம்பரைக் கூறுகள்

உரோமத்தில் இரண்டு சாயங்களே உள்ளன: ஒன்று கறுப்பு அல்லது பழுப்பு, மற்றொன்று மஞ்சள் அல்லது சிவப்பு. எத்தனை விதமான நிறங்கள் தோன்றினும் அவை இவ்விரண்டின் கூடுதல் குறைவாலேயே ஆகின்றன. இவற்றை ஆளும் ஜீன் என்னும் பரம்பரைக் கூறுகளில் ஐந்து முக்கியமானவை. ஒன்று, வளையம் உண்டா இல்லையா என்பதை நிர்ணயிக்கிறது. இரண்டாவது, கறுப்பா சாக்லேட் நிறமா என்பதை. மூன்றாவது, சாயம் முழுமையாகப் படியுமா, சின்சில்லாவைப்போல் மஞ்சள் நீங்குமா, அல்லது சாயமே இல்லாமற் போகுமா என்பதை. நான்காவது, நிறம் அடர்த்தியாயிருக்குமா மங்குமா என்பதை. மங்கும்போது கறுப்பு நீலச் சாம்பலாகவும், சாக்லேட் நிறம் வெளிறிய ஊதாச் சாம்பலாகவும் மாறும். ஐந்தாவது, கறுப்புச் சாயம் உரோமத்தில் எவ்வளவு பரவும் என்பதை. அது பரவாவிடில் முயல் செம்மஞ்சளாகும்.

ஒவ்வொரு குட்டியும் ஒவ்வொரு கூறிலும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டைப் பெறுகிறது. அவற்றுள் ஒன்று மேலோங்கி நிற்க, மற்றொன்று வெளியே தெரியாமல் மறைந்திருக்கக்கூடும். ஆதலால் இரண்டு சின்சில்லா முயல்களைச் சேர்த்தபோது வெள்ளைக் குட்டி பிறந்தால், வேறு ஆண் முயல் கூண்டிற்குள் புகுந்துவிட்டதென்று ஐயுறவேண்டியதில்லை. தாய் தந்தை இரண்டிலும் வெள்ளைக்குரிய கூறு மறைந்திருந்தால், பல ஈற்றுகளைச் சேர்த்துக் கணக்கிடுகையில் சராசரி நான்கில் ஒரு குட்டி வெள்ளையாகும்.

வெள்ளை முயல்கள்

வெள்ளை முயலில் முதலில் கண்ணைப் பார்க்க வேண்டும். கண் சிவப்பாயிருந்தால் அம்முயலில் சாயமே உண்டாவதில்லை. இத்தகைய இரண்டைச் சேர்த்தால் குட்டிகள் யாவும் சிவந்த கண்ணுடைய வெள்ளையாகவே பிறக்கும். கண் நீலமாயிருந்தால் அது வேறொரு கூறினால் உண்டான வெண்மை.

இங்கே வாங்குவோர் கவனிக்க வேண்டியது யாதெனில், வெள்ளை ஜெயண்ட், நியூசிலாந்து வெள்ளை, வெள்ளை அங்கோரா ஆகிய மூன்றும் சிவந்த கண்ணுடைய வெள்ளை முயல்களே. அங்கோராவை அதன் நீண்ட உரோமத்தால் அறியலாம். மற்ற இரண்டையும் நிறத்தைக்கொண்டு பிரித்தறிய இயலாது. வயதுக்கேற்ற எடை, உடலமைப்பு, பெற்றோரைப் பற்றிய பதிவு ஆகியவற்றாலேயே அறிய வேண்டும். சந்தையில் வாங்கிய கலப்பு வெள்ளை முயலும் பார்வைக்கு இவ்வாறே இருக்கும்.

காது, மூக்கு, பாதம், வால் ஆகியவை மாத்திரம் கறுத்து மற்றவை வெளுத்திருப்பது ஹிமாலயன் நிறம். இதன் சாயம் உடலின் குளிர்ந்த பாகங்களிலேயே உண்டாகும் தன்மையது. ஆகையால் பெரம்பூர் போன்ற வெப்பமான இடத்தில் குறி வெளிறியும், உதகமண்டலம் போன்ற குளிர்ந்த இடத்தில் அடர்ந்தும் காணலாம். குறி வெளிறியதென்று இதன் ஜாதியைக் குறை கூறலாகாது.

பட்டையும் புள்ளியும்

முகத்தில் வெண்பட்டை, தோளைச் சுற்றி வெண்மை, உடலின் பின்பாதி நிறம், பின்கால்களின் நுனி வெண்மை என்றிருப்பது டச்சுக் குறியாகும். வெள்ளை உடலில் நிறப்புள்ளிகள், மூக்கில் வண்ணத்துப்பூச்சி வடிவமான குறி, கண்ணைச் சுற்றி வளையம், நிறமுள்ள காது, முதுகில் கோடு ஆகியவை இருப்பது இங்கிலீஷ் புள்ளிக் குறியாகும்.

புள்ளி முயலில் ஓர் எச்சரிக்கை உண்டு. அழகிய புள்ளியுடைய இரண்டு முயல்களைச் சேர்த்தால், சராசரி நான்கு குட்டிகளில் ஒன்று முழுநிறமாகவும், இரண்டு புள்ளியுடையனவாகவும், ஒன்று ஏறக்குறைய முழு வெள்ளையாகவும் பிறக்கும். கடைசியிற் சொன்னதற்கு மூக்கில் அரைகுறைக் குறியும், காதில் நிறமும், முதுகில் சிதறிய கோடும் மாத்திரம் இருக்கும், கண் சிவந்திராது. இவற்றிற் பல பெருங்குடல் வீங்கிச் சாணம் தேங்கும் நோய்க்கு உள்ளாகி, மெலிந்து இறக்கின்றன. ஆதலால் புள்ளி முயலை முழுநிற முயலோடு சேர்ப்பதே உத்தமம். அப்போது சராசரி பாதிக் குட்டிகள் புள்ளியுடனும் பாதி முழுநிறமாகவும் பிறக்கும். மேற்கண்ட தீங்கு நேராது.

காட்டு முயலா, வீட்டு முயலா?

நம் நாட்டுக் காடுமேடுகளில் திரிவது வீட்டு முயலின் இனமன்று. அதனைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அகூட்டி நிறமுள்ள வீட்டு முயல் காட்டு முயலைப் போன்றே தோன்றுவதால், குற்றமற்றவர் மீது புகார் எழுவதும், குற்றவாளி தப்புவதும் ஆகிய இரண்டுமே நேரக்கூடும். எனவே கிராம அலுவலர்கள் பின்வருவனவற்றைப் பார்க்க வேண்டும்.

1. பிடரி: தென்னாட்டுக் காட்டு முயலுக்குப் பிடரியில் கறுப்புத் திட்டு உண்டு. அகூட்டி வீட்டு முயலுக்கு அவ்விடம் துருப்போல் செந்நிறமாயிருக்கும். வாலின் மேற்பாகம் இரண்டிலும் கறுத்திருக்கலாமாதலால் அதனை அடையாளமாகக் கொள்ளலாகாது.

2. உடலமைப்பு: காட்டு முயலுக்குக் காதும் பின்கால்களும் நீண்டு, உடல் ஒடுங்கியிருக்கும்.

3. குட்டி: காட்டு முயலின் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும், வீட்டு முயலின் குட்டி குருடாய், உரோமமின்றிப் பிறக்கும்.

இவ்விரண்டின் கலப்பென்று சொல்லி விற்பதை நம்பவேண்டாம். காட்டு முயலின் உயிரணுவில் 48 குரோமோசோம்களும் வீட்டு முயலில் 44ம் உள்ளன. இரண்டும் கலந்து இனம் பெருக்குவதில்லை. அறுவடைக் காலத்தில் வயலில் தனித்துக் கிடக்கும் காட்டு முயற்குட்டியை எடுத்து வருவதும் தவறு. தாய் அதை மறைவில் விட்டுச் சென்று, வேளையில் வந்து பாலூட்டும்.

வாங்குவோர் செய்யத்தக்கவை

ஜாதி முயல் வேண்டுவோர், பதிவு வைத்துப் பேணும் இடங்களையே நாடுதல் வேண்டும். நீலகிரியில் சாண்டிநல்லாவிலுள்ள ஆட்டு இன ஆராய்ச்சி நிலையத்திலும், கொடைக்கானலுக்கு மேற்பட்ட மன்னவனூரிலுள்ள மத்திய ஆட்டு ஆராய்ச்சி நிலையத்திலும் முயல்கள் பேணப்படுகின்றன. பெரம்பூர்ப் பக்கத்தார் நோய் முதலியவை பற்றி, 1903ல் தொடங்கிய வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆலோசனை பெறலாம்.

வாங்கிய முயல் ஒவ்வொன்றிற்கும் காதில் எண் பச்சை குத்தி, பிறந்த தேதி, தாய் தந்தையரின் எண், முதுகு உரோமத்தின் அடுக்கு, கண் நிறம், வயிற்றின் நிறம், குறிகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். கடன் பத்திரத்திலோ விற்பனைச் சீட்டிலோ "சாம்பல் முயல் நான்கு" என்று பொதுப்பட எழுதாமல், இவ்விவரங்களோடு எழுதினால் பின்னர் வழக்கிற்கு இடமிராது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஒருவர் சாதிக்க, மற்றொருவர் மறுக்க நேர்வதெல்லாம் எழுத்தில்லாத இடத்திலேயாகும். நிறம் பரம்பரையின் ஒரு பக்கத்தைக் காட்டும். மறுபக்கத்தைக் காட்டுவது பதிவுப் புத்தகமே. இரண்டையும் ஒத்துப் பார்த்து வாங்குவோர் ஏமாறமாட்டார்கள்.