கால் ஊன்றாமல் வண்டியை நிறுத்திப் பழகுவது எப்படி?

பொங்கலுக்கு ஊர் ஊராக நடக்கும் விளையாட்டுப் போட்டிகளில் ஸ்லோ சைக்கிள் ரேஸுக்கு எப்போதும் கூட்டம் உண்டு. கடைசியாக வருபவருக்குத்தான் பரிசு. கால் தரையில் பட்டால் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான். மோட்டார் சைக்கிளிலும் இதே திறமையை அளக்கும் விளையாட்டு இருக்கிறது. பெயர் ட்ரயல்ஸ். பாறை, ஓடை, மரவேர் என்று பல பிரிவுகளைக் கடக்க வேண்டும். ஒருமுறை கால் பட்டால் 1 புள்ளி, பிரிவை முடிக்கத் தவறினால் 5 புள்ளி. குறைந்த புள்ளி வாங்கியவரே வென்றவர். ஸ்பெயின் நாட்டு டோனி போ 2007 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் இதில் உலகப் பட்டம் வென்றிருக்கிறார்.

இந்த விளையாட்டுக்கும் நமக்கும் தூரம் அதிகமில்லை. சென்னை திருவொற்றியூரில் 1956 முதல் உருவான புல்லட்டின் இங்கிலாந்து மூதாதை, ட்ரயல்ஸ் களத்தில்தான் பேர் வாங்கியது. ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரயல்ஸ் போட்டியை 1952-லும் 1957-லும் ராயல் என்ஃபீல்டில் ஜானி பிரிட்டன் வென்றார். அவரைப் போற்றும் விதமாகவே 2019-இல் ‘புல்லட் ட்ரயல்ஸ்’ என்ற மாடல் இங்கே விற்பனைக்கு வந்தது.

சங்கரன்கோவிலில் ட்ரயல்ஸ் வண்டிக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். கால் ஊன்றாமல் நிற்கும் பயிற்சிக்கு அது தேவையே இல்லை. நம் பிள்ளைகள் 80 கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓட்டிவிடுகிறார்கள்; 5 கிலோமீட்டர் வேகத்தில்தான் தடுமாறி விழுகிறார்கள். வாய்க்கால் வரப்பு, பஸ் ஸ்டாண்டு நெரிசல், ஆர்.டி.ஓ. ஆபீஸ் எட்டு எல்லாவற்றிலும் அவர்களைக் கவிழ்ப்பது மெதுவான வேகம்தான். அசையாமல் நிற்கப் பழகியவனுக்கு மெதுவாகப் போவது பெரிய காரியமில்லை.

முதலில் வண்டியின் எடையைப் பாருங்கள். ட்ரயல்ஸ் வண்டி சுமார் 70 கிலோ. ஸ்பிளெண்டர் 110 கிலோவைத் தாண்டும். புல்லட் 190-க்கு மேல். ஆகவே புல்லட்டில் ஆரம்பிக்க வேண்டாம். வீட்டில் பழைய சைக்கிள் இருந்தால் அதுவே நல்ல குரு. ட்ரயல்ஸ்காரர்கள் டயரில் காற்றைக் குறைத்து வைப்பார்கள் என்று கேள்விப்பட்டு நீங்களும் இறக்கிவிடாதீர்கள். டியூப் டயரில் காற்று குறைந்தால் டயர் ரிம்மில் நழுவி வால்வு பிய்ந்துவிடும்.

இடமும் நேரமும் முக்கியம். காய்ந்த குளத்தின் கெட்டித் தரையோ பள்ளி மைதானமோ போதும்; மைதானமென்றால் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்த கரிசல் மண்ணில் டயரில் களி அப்பி வண்டி நகராது. ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நிற்கும் வண்டியைத் தள்ள அதில் பாதி போதும். அந்த மாதங்களில் விடிந்ததும் பழகிவிட்டு வந்துவிடுங்கள். ஹெல்மெட், கணுக்காலை மூடும் ஷூ, முழுக்கால் பேண்ட் மூன்றும் கட்டாயம். செருப்புப் போட்டுக்கொண்டு வருபவரைத் திருப்பி அனுப்புவேன்.

இஞ்சினை அணைத்துவிட்டு முன்சக்கரம் சுவரில் முட்டும்படி வண்டியை நிறுத்துங்கள். பின்னால் கேரியரை ஒருவர் லேசாகப் பிடித்துக்கொள்ளட்டும். சைடு ஸ்டாண்டை மடக்கி, முன் பிரேக்கை அழுத்தியபடி இரண்டு ஃபுட்ரெஸ்டிலும் ஏறி நில்லுங்கள். முழங்கால் சற்று மடங்கியிருக்கட்டும். கைகளை விறைக்க வேண்டாம். உடல் எடை பாதத்தில் இறங்க வேண்டுமே தவிர ஹேண்டில்பாரில் அல்ல. இனி ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுதாகத் திருப்புங்கள். பார்வை முன்சக்கரத்துக்குப் போகும். விடாதீர்கள். சுவருக்கு அப்பால் கண் மட்டத்தில் ஒரு மரக்கிளையையோ கம்பத்தையோ பார்த்துக்கொண்டிருங்கள். கீழே பார்த்தால் உடம்பும் அந்தப் பக்கம் போகும்.

வண்டி இடப்பக்கம் சாயும்போது வலது முழங்காலை வெளியே விரியுங்கள். வலப்பக்கம் சாய்ந்தால் இடது முழங்கால். திருத்தம் சிறியதாக, சாய்வு தொடங்கும்போதே வர வேண்டும். முழுக்கச் சாய்ந்த பிறகு முழு உடம்பையும் எதிர்ப்பக்கம் வீசினால் அந்தப் பக்கம் விழுவீர்கள். புதியவர்கள் எல்லோரும் செய்வது இதைத்தான். ஹேண்டில்பாரை இரு பக்கமும் மாற்றி மாற்றித் திருப்பிப் பழகுங்கள். எல்லோருக்கும் ஒரு பக்கம் எளிதாக வரும், மற்றது முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்கும் பக்கத்துக்கே அதிக நேரம் கொடுங்கள்.

சுவரை விட்டு வந்ததும் லேசான ஏற்றம் தேடுங்கள். மேட்டைப் பார்த்து நின்று ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்புங்கள். இப்போது வண்டி ஓர் அங்குலம் முன்னே போனால் முன்சக்கரம் இடப்பக்கம் நகரும். பின்னே உருண்டால் வலப்பக்கம் நகரும். ஆகவே இடப்பக்கம் விழப்போகிறோம் என்று தோன்றினால் கொஞ்சம் முன்னே, வலப்பக்கம் என்றால் கொஞ்சம் பின்னே. சக்கரம் உங்கள் உடம்புக்கு அடியில் வந்து தாங்கிக்கொள்ளும். சைக்கிளில் பெடலை மிதித்தால் முன்னே, மிதியைத் தளர்த்தினால் பின்னே. மோட்டார் சைக்கிளில் முதல் கியர். கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடத்தில் விரல்களை வைத்தபடி, முன்னே போக லேசாக விடுங்கள், பின்னே வர கிளட்சை அழுத்திப் பிரேக்கைத் தளர்த்துங்கள். கிளட்சைப் பாதி பிடித்தபடியே நெடுநேரம் நிற்காதீர்கள். பிளேட் தேய்ந்துவிடும், காற்றால் குளிரும் இஞ்சினும் நின்ற இடத்தில் சூடேறும்.

விழும்போது வண்டியைத் தாங்க முயலாதீர்கள். கையை விட்டு எதிர்ப்பக்கம் இறங்கிவிடுங்கள். வளைந்த ஃபுட்ரெஸ்டை நிமிர்த்திக்கொள்ளலாம், நசுங்கிய கணுக்கால் அப்படியில்லை. விழுந்த வண்டியின் இஞ்சினை அணைத்து, பெட்ரோல் சுவிட்ச் இருந்தால் அதையும் மூடிவிட்டுத் தூக்குங்கள்.

நிற்க வந்தபின் நடை வேகத்தில் ஓட்டி, ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்று, கால் ஊன்றாமல் மறுபடி கிளம்பிப் பழகுங்கள். பிறகு எட்டு. அதில் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நிற்க வேண்டாம். உட்கார்ந்தபடி பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரைச் சீராக வைத்து, அடுத்த வளைவின் முடிவைப் பாருங்கள். ராஜபாளையம் சாலையில் லாரிக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால் மட்டும் தயங்காமல் காலை ஊன்றுங்கள்.