தராசு நேர், நெஞ்சு நேரா?



ஒரே சரக்கு, ஒரே விலை. ஆயினும் ஒரு வியாபாரி துணிந்து செய்வதை மற்றொருவர் செய்ய மறுக்கிறார். ஏன்? யாருக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டுமென்று ஒருவர் நம்புகிறாரோ, அந்த நம்பிக்கையே அவர் கையை நடத்துகிறது.

சென்ற மழைக்காலத்தில் லோபாக்கிலுள்ள எனது கடையின் கூரை ஒழுகி, ஓர் அரிசி மூட்டையின் அடிப்பாகம் நனைந்துவிட்டது. உலர்ந்த அரிசியோடு கலந்தால் எவருக்கும் தெரியாது. கலக்கவும் தொடங்கினேன்; வெட்கத்தோடு சொல்கிறேன்.

இத்தகைய வேளையில் மனிதர் மூவகையாவர்.

1. சட்டத்திற்கு மட்டும் அஞ்சுபவர். இந்நாட்டில் 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டப்படி தராசைச் சோதித்து முத்திரையிடுகிறார்கள். ஆனால் ஒரு கிலோவில் அரிசி எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று தராசு சொல்லாது.

2. ஊரை மட்டும் பார்ப்பவர். "எல்லாரும் செய்கிறார்கள், நான் மட்டும் நஷ்டப்படுவதா?" என்பார்.

3. மறுமையை நம்புபவர். வாங்குபவர் காணாததையும் அல்லாஹ் காண்கிறான் என்பதை மறவார்.

மதீனாக் கடைத்தெருவில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். கவனியுங்கள்! நனைந்தது குற்றமன்று, மறைத்ததே குற்றம்.

கூஃபா நகரில் துணி வியாபாரம் செய்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூட்டாளி, பழுதுள்ள துணியை அக்குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவரைக் கண்டுபிடிக்க இயலவில்லை. இமாமவர்கள் அந்தப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள்.

நம்பிக்கை நாவோடு நின்றால் போதாது. ஐவேளை தொழும் நானே கலக்கத் தொடங்கினேன் அல்லவா? தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்ந்த ஒரு இந்து மூதாட்டி, நான் தவறுதலாகக் கூடுதலாய்க் கொடுத்த மீதிப் பணத்தை, "பாய், இது உங்க காசு" என்று திருப்பித் தந்திருக்கிறார். அவர் நம்பும் தர்மம் அவர் கையில் இருந்தது. என் மார்க்கம் அன்று என் நாவில் மட்டுமே இருந்தது.

மதீனாச் சம்பவம் நினைவுக்கு வர, கலப்பதை நிறுத்தினேன். நனைந்ததையும் அதோடு கலந்துவிட்டதையும் தனித் தட்டில் வைத்து, விஷயத்தைச் சொல்லி, கோழித் தீவனமாகப் பாதி விலைக்கு விற்றேன். நஷ்டம் சில வெள்ளிகள்தாம். அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

சகோதரர்களே! விற்குமுன் ஒரு கேள்வி: "இதைச் சொன்ன பிறகும் அவர் வாங்குவாரா?" சொல்லத் தயங்கினால் விற்கத் தயங்குங்கள். அல்லாஹ் நம் தொழிலில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.