பனிக்கரடியும் நம்ம ஏரி ஆள்காட்டியும்

இந்த மாதச் சுவரிதழுக்கு 'விலங்குகளைப் படம் பிடிப்பது எப்படி?' என்று எழுதச் சொன்னார்கள். கீழ்பென்னாத்தூரில் உட்கார்ந்துகொண்டு பனிக்கரடியைப் பற்றி எழுதப்போகிறேன். சிரிக்காமல் படியுங்கள், கடைசியில் நம்ம ஏரிக்கே வந்துவிடுவேன்.

பூமியின் வட கோடியில், மரமே வளராத பரந்த வெளிக்குத் தூந்திரம் என்று பெயர். புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். கீழே மண் வருஷம் முழுவதும் உறைந்தே கிடக்கும். கனடாவில் ஹட்சன் விரிகுடாக் கரையில் சர்ச்சில் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் அங்கே பனிக்கரடிகள் கரையில் வந்து காத்துக் கிடக்கும். எதற்கு? கடல் உறைவதற்கு. கடல் உறைந்தால்தான் பனிமேல் நடந்துபோய் சீல் பிடிக்க முடியும். கோடையில் பனி உருகிப்போனால் பல மாதம் கிட்டத்தட்டப் பட்டினிதான். இப்போது பனி சீக்கிரம் உருகி, தாமதமாக உறைகிறது. அந்தப் பகுதியில் 2016-இல் 842 என்று கணக்கிட்ட கரடிகள் 2021-இல் 618 ஆகிவிட்டன.

அங்கே பார்க்கப் போகிறவர்கள் ஆள் உயரச் சக்கரம் வைத்த பெரிய வண்டிக்குள் இருந்துதான் பார்ப்பார்கள். கரடி வண்டிக்குக் கீழே வந்து மோப்பம் பிடிக்கும்! ஊருக்குள் ஆபத்தாகச் சுற்றும் கரடியைப் பிடித்து வைக்க ஒரு கொட்டடியே இருக்கிறது. நம்ம ஊரில் மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைப்பது மாதிரி.

நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுகளில் இன்னும் கண்டிப்பு. 2025 ஜனவரி முதல், கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். நம்ம விளையாட்டு விழாவில் ஓடுகிற 100 மீட்டர் கோட்டை மூன்று தடவை போட்டால் எவ்வளவு தூரமோ அவ்வளவு. மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். ஏன் அந்த மாதங்களில் மட்டும் அதிகம் என்றால், தாய்க்கரடி பனிக்குகையை விட்டுக் குட்டிகளோடு வெளியே வரும் காலம் அது. இந்தத் தீவில்தான் 2008-இல் திறந்த நம் இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே குடியிருப்பை விட்டு வெளியே போகிறவர்கள் கரடிக்காகத் துப்பாக்கி எடுத்துக்கொண்டு போக வேண்டும். சுடுவதற்கு அல்ல, கடைசிப் பாதுகாப்புக்கு.

இனி பாடம். பனிக்கரடியின் முடி வெள்ளை இல்லை, நிறமே இல்லாதது. உள்ளே கூடாக இருக்கும். வெளிச்சம் பட்டுச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. அதன் தோல் கறுப்பு. ஆனால் வெள்ளைப் பனியில் வெள்ளைக் கரடியைப் படம் எடுத்தால் இரண்டுமே அழுக்குச் சாம்பல் நிறத்தில் வரும். காரணம், எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டே கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. பனியைப் பார்த்ததும் 'ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி' என்று தானே குறைத்துவிடும். அதனால் படம் எடுப்பவர் வெளிச்சத்தைக் கூட்டி வைக்க வேண்டும். யானைக்கு இது தலைகீழ். கறுப்பைப் பார்த்ததும் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி, யானையை வெளுத்துவிடும். அங்கே குறைக்க வேண்டும்.

யானை என்றதும் சொல்லியே ஆகவேண்டியவர் மா. கிருஷ்ணன். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1950-இலிருந்து 1996-இல் இறக்கும் வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் பறவை, விலங்கு பற்றித் தொடர்ந்து எழுதினார். நாற்பத்தாறு வருஷம்! நாம ஒரு மாசச் சுவரிதழுக்கே எத்தனை சாக்கு சொல்கிறோம். தமிழிலும் எழுதியிருக்கிறார், படமும் வரைவார். பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. தென்னிந்தியக் காடுகளில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர். வேறு வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டிய கனமான கேமரா அவருடையது. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பெயர் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் ஒரு ஃபிலிம் ரோலில் 36 படம், பெரிய ஃபிலிம் என்றால் 12 படம்தான். அழிக்கவும் முடியாது. அதனால் பார்ப்பதற்கு நேரம் அதிகம், சொடுக்குவதற்கு நேரம் குறைவு. இந்த வரிசைதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது போனில் நாற்பது படம் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்துதான் அது என்ன பறவை என்றே பார்க்கிறோம்.

சரி, ஏரிக்கு வருவோம். ஆள்காட்டிக் குருவியை எல்லாருக்கும் தெரியும். கண் முன்னால் சிவப்புத் தோல், மஞ்சள் கால், ராத்திரியிலும் கத்தும். கூடு கட்டாது. வெறும் தரையில் லேசான குழியில் பெரும்பாலும் நான்கு முட்டை இடும். முட்டை கூழாங்கல் மாதிரியே இருப்பதால் மிதிக்கும் வரை தெரியாது. கரடிக்குக் குளிர்தான் சங்கடம் என்று நினைக்கிறோம், அதன் கொழுப்பும் முடியும் அதைச் சமாளித்துவிடும். ஆள்காட்டிக்கு வெயில்தான் எமன். தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டையைக் குளிர வைக்கும். அதன்மேல் நின்று நிழல் கொடுக்கும்.

போன சித்திரையில் வறண்ட ஏரிக்குள் அப்படி ஒரு குழியைக் கண்டுபிடித்து, எங்கள் தெருப் பையன்கள் ஆறு பேர் சுற்றி நின்று வீடியோ எடுத்தார்கள். உச்சி வெயில். இரண்டு ஆள்காட்டியும் தலைக்கு மேலே பறந்து பறந்து கத்தின. "சூப்பரா கத்துது, இன்னும் கிட்ட போடா" என்றான் ஒருவன். நான் சொன்னேன், "அது உங்களைப் போகச் சொல்லுதுடா." கேட்கவில்லை. அரை மணி நேரம் அந்த முட்டைகள் வெயிலில் கிடந்தன. மூன்றாம் நாள் போய் கரையிலிருந்தே பார்த்தேன். குழியில் ஒன்றும் இல்லை, பறவைகளும் இல்லை. வெயிலா, காக்கையா? நாம் எங்கே குனிகிறோம் என்று காக்கை பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த வீடியோவை அன்றைக்கு எத்தனையோ பேர் பார்த்துப் பாராட்டினார்கள்.

இதற்கெல்லாம் நார்வேக்குப் போய்ச் சட்டம் கற்க வேண்டியதில்லை. செஞ்சி, திண்டிவனம் தாண்டிப் போனால் வேடந்தாங்கல். ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டதால், ஊர்க்காரர்கள் போய் முறையிட்டு, 1798-இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கிவிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும்.

படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில. காலை ஏழு மணிக்குள் போங்கள், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கறுப்புச் சேற்றில் நிற்கும் கொக்கை எடுத்தால் வெள்ளைத் துணி மாதிரி இறகே தெரியாமல் போகும். போன் திரையில் கொக்கைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். ரொம்பவும் பெரிதாக்காதீர்கள், புள்ளிதான் பெரிதாகும். பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் அங்கேயே நில்லுங்கள். அதற்குப் பிறகும் போனால் பறந்துவிடும். படத்தில் வாலும் வானமும்தான் இருக்கும்.

அறிவியல் ஆய்வகத்து மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஏரியில் எந்தப் பறவையைப் பார்த்தாலும் தேதி, நேரம், எத்தனை என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். முட்டை இருக்கும் இடத்தை மட்டும் அதில் எழுத வேண்டாம். அதை அறிவியல் ஆசிரியரிடம் வாயால் சொன்னால் போதும்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி