நிகழ்ச்சி நிரலுக்கு முன் பஸ் நேரம்

கட்டற்ற மென்பொருள் மாநாடு என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும் என்றிருந்த நிலைமை மாறி வருகிறது. 2023 ஜனவரியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதள ஆர்வலர்களின் மினி டெப்கான்ஃப் விழுப்புரத்தில் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உலக மாநாடான டெப்கான்ஃபே கொச்சிக்கு வந்தது. நண்பர்களோடு சேர்ந்து திருச்செங்கோட்டில் ஒருநாள் கூட்டங்கள் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'அனைவரும் வருக' என்று அழைப்பிதழில் போட்டுவிடலாம். யார் வர முடியும் என்பது இடமும் நேரமும் குறிக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

எங்கள் ஊருக்குள் ரயில் கிடையாது. சங்ககிரியிலோ ஈரோட்டிலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். 2021 முதல் அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்தச் சலுகை உண்டு. டவுன் பஸ் நிற்காத இடத்தில் அரங்கம் பிடித்தால் இவ்வளவும் வீண். வைகாசி விசாகத் தேரோட்டச் சமயத்தில் பஸ்ஸில் ஏறவே முடியாது என்பதால் நாங்கள் கூட்டமே வைப்பதில்லை.

மாலை ஐந்தரை வரை இழுத்தால் விடுதிப் பெண்கள் நாலு மணிக்கே எழுந்துவிடுவார்கள். அவுட்பாஸில் எழுதிய நேரத்துக்குள் வார்டன் முன்னால் நிற்க வேண்டும். அதனால் கையால் செய்து பழகும் பயிற்சிகளைக் காலையிலேயே வைத்து, மூன்றரைக்கு முடித்துக்கொள்கிறோம். வீட்டாரிடம் பேச ஒரு பெண் ஒருங்கிணைப்பாளரின் எண்ணைத் தருவது அவசியம். "ஏனுங்க, புள்ள பொழுதோட வந்துருவாளுங்களா?" என்று ஒரு அம்மா கேட்டால், எந்த பஸ்ஸில் ஏற்றிவிடுவோம் என்பது வரை அவர் பதில் சொல்ல வேண்டும்.

'சொந்த மடிக்கணினி கொண்டு வரவும்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். இங்கே பல வீடுகளில் இருப்பது அக்காவோ அண்ணனோ பள்ளியில் வாங்கிய அரசு மடிக்கணினி. பேட்டரி உட்கார்ந்திருக்கும். அதுவும் இல்லாதவர்கள் நிறையப் பேர். கல்லூரி ஆய்வகத்தைக் கேட்டு வாங்கி, பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிக் காட்டினால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் பாடம் நடக்கும்.

பார்வையற்றவர்கள் வருவதாக இருந்தால் ஸ்லைடுகளை முன்னாடியே அனுப்புங்கள். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை 2006இல் தொடங்கிய மைக்கேல் கரனும் பார்வையற்றவர்தான். அது தமிழையும் வாசிக்கும், யூனிகோடில் இருந்தால். பாமினி எழுத்துருவில் தட்டிய ஸ்லைடு அதற்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை.

பேச்சாளர் விஷயத்தில் 'பெண்கள் யாரும் விண்ணப்பிக்கவில்லை' என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. பைத்தான் நிரல்மொழிக்கான அமெரிக்காவின் பைகான் மாநாட்டில் 2011இல் பெண்கள் தந்த உரைகள் நூற்றுக்கு ஒன்று. 2016இல் அது நாற்பது. ஆள் ஆளாகத் தேடிப்போய் அழைத்ததும், முதல்முறை பேசுகிறவர்களுக்குக் கைகொடுத்ததும் அதற்குக் காரணம். நாங்களும் தனித்தனியே கூப்பிட்டு, பத்து நிமிடம் தமிழிலேயே பேசச் சொல்கிறோம். கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்குகிறோம். மைக் கொடுத்தால் வாய் திறக்காத மாணவர்களிடமிருந்துதான் நல்ல கேள்விகள் வருகின்றன.

இனி, எங்கள் ஊரில் இதைவிடக் கனமான விஷயம். 2015இல் கோகுல்ராஜ் என்ற பட்டியல் சாதி இளைஞர், பொறியியல் படித்தவர், எங்கள் மலைக்கோயிலில் வேறு சாதித் தோழியோடு பேசியதற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இந்த ஊரில் ஒரு பையனும் பெண்ணும் ஒரே கணினி முன் உட்கார்ந்திருக்கும் படத்தை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் பத்து முறை யோசிக்க வேண்டும். "போட்டோ மட்டும் போட்டுறாதீங்க சார், வீட்ல பாத்துருவாங்க" என்று ஒரு மாணவி வந்து சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. நாங்கள் வாசலிலேயே இரண்டு நிறக் கழுத்துக்கயிறு வைக்கிறோம். சிவப்பு போட்டவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். ஏன் என்று யாரும் கேட்கவும் கூடாது.

அறிமுகத்தில் 'எந்தப் பக்கம், யாரு பையன்?' என்று தொடங்கினால் மூன்றாவது பதிலில் சாதி வெளியே வந்துவிடும். பெயரைச் சொல்லி, கடைசியாக எந்த மென்பொருளை நிறுவினீர்கள் என்று மட்டும் சொன்னால் போதும். சாப்பாட்டிலும் முட்டை ஒரு வரிசை, சைவம் ஒரு வரிசை என்று பிரிப்பதில்லை. ஒரே பந்தி, வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம்.

நடத்தை விதிகளை வெளியிலிருந்து எடுப்பவர்கள் பதிப்பைப் பார்த்து எடுங்கள். 2014இல் தொடங்கிய கான்ட்ரிபியூட்டர் கவனன்ட், பலரும் பயன்படுத்துவது. எதை வைத்தும் யாரையும் ஒதுக்கக் கூடாது என்று அது தரும் பட்டியலில் சாதி என்ற சொல் 2021இல் வந்த 2.1 பதிப்பில் இருக்கிறது, பரவலாக நகலெடுக்கப்பட்ட பழைய 1.4இல் இல்லை. பழையதையே தமிழில் பெயர்த்து ஒட்டினால், நம்மூரில் முதலில் தேவைப்படும் சொல்லே அதில் இருக்காது.

புகார் வாங்க இரண்டு பேரைப் போடுங்கள். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். இன்னொருவர் கட்டாயம் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். இந்த அளவு ஊரில் புகாருக்கு ஆளானவர், ஏற்பாட்டாளரின் மச்சானாகவோ, புகார் சொல்கிற மாணவிக்கு இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியராகவோ இருக்கலாம். சேலத்திலிருந்தோ கோவையிலிருந்தோ வருகிற ஒருவரிடம் அவள் தயங்காமல் பேசுவாள். அவருடைய பஸ் செலவை முதல் செலவாக பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.