நாயகனின் மானத்துக்கு விலை கொடுத்தவர்கள்

அன்புள்ள மாணவிக்கு,

நீ எழுதிய கட்டபொம்மன் வில்லுப்பாட்டின் முதல் வரைவு கிடைத்தது. இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். பகலில் தூத்துக்குடிக் கல்லூரியில் ஆங்கில இலக்கியமும் இரவில் வீசுகோலுமாக நீ பழகிவருவது எனக்குப் பெரும் நிறைவு. பெயோவுல்ஃப், மால்டன் போர், சர் கவெய்ன் ஆகிய பழைய ஆங்கிலக் கவிதைகள் மூன்றையும் வகுப்பில் ஒப்பிட்டுப் படித்த சூட்டோடு கேட்டிருக்கிறாய்: இவற்றின் நாயகர்களில் யார் உயர்ந்தவர், என் கட்டபொம்மனை யாரைப் போல ஆக்கட்டும்?

யாரைப் போலவும் ஆக்காதே. அவர்கள் மூவரிடமும் ஒரு கேள்வியைக் கேள். அதே கேள்வியோடு கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்கு வா. நாயகன் காத்த மானத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதே அந்தக் கேள்வி. ஒருவனின் பெருமையும் உள்நோக்கமும் அந்த இடத்தில்தான் வெளியே தெரியும்.

மால்டனிலிருந்து தொடங்குகிறேன், அதுவும் நம்முடையதைப் போலக் கடலோரத்துக் கதை என்பதால். 991ஆம் ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் வைக்கிங்குகள் இறங்கி, பொன் தந்தால் திரும்பிப் போகிறோம் என்கிறார்கள். பிர்த்நாத் என்ற தலைவர் மறுக்கிறார். கப்பமாக ஈட்டிமுனைதான் கிடைக்கும் என்கிறார். கிஸ்தி கேட்டவனுக்கு நம் மேடைக் கட்டபொம்மன் சொல்லும் பதிலோடு இது எவ்வளவு நெருக்கம் பார். ஆனால் அந்தக் கவிஞர் அதோடு நிறுத்தவில்லை. ஓதம் வற்றியபோது தெரிந்த ஒடுங்கிய பாதையை மூன்றே பேர் அடைத்து நிற்கிறார்கள். பகைவரால் கரையேற முடியவில்லை. நேர்நின்று போரிட வழிவிடுங்கள் என்று அவர்கள் கேட்க, பிர்த்நாத் விட்டுக்கொடுக்கிறார். செருக்கினால் விட்டார் என்று கவிஞரே சொல்லிவிடுகிறார். தலைவர் மடிகிறார், அவரோடு நின்ற வீரர்களும் மடிகிறார்கள். அதே ஆண்டில் மன்னர் எதெல்ரெட் தரப்பு வைக்கிங்குகளுக்குப் பத்தாயிரம் பவுண்டு வெள்ளியைக் கப்பமாகக் கட்டியது. தலைவர் மறுத்த பொன்னைக் குடிகள் கொடுக்க வேண்டியதாயிற்று. இத்தனையும் தெரிந்தும் அந்தப் பாட்டைப் படிக்கும்போது பிர்த்நாத் மீது நமக்கு மதிப்புக் குறைவதில்லை. மதிப்பும் வேதனையும் ஒன்றாக எழுகின்றன. உன் பாட்டும் அப்படி எழ வேண்டும்.

பெயோவுல்ஃபை எடுத்துக்கொள். டென்மார்க்குக்குக் கடல் தாண்டிப் போனது உதவி செய்ய மட்டுமல்ல. தன் தந்தையின் பகையை அந்நாட்டு மன்னர் பொருள் கொடுத்துத் தீர்த்துவைத்த கடன் இருக்கிறது, புகழாசையும் இருக்கிறது. புகழை மிக விரும்பியவன் என்று சொல்லித்தான் அந்தக் காவியமே முடிகிறது. ஐம்பது ஆண்டு ஆண்ட முதுமையிலும் நாகத்தோடு தனியாகவே மோதப் போகிறான். கூடவந்தவர்கள் காட்டுக்குள் ஓட, விக்லாஃப் ஒருவன் மட்டும் துணைக்கு வருகிறான். நாகம் செத்தது, அரசனும் செத்தான். இனி அண்டை நாட்டார் படையெடுப்பார்கள் என்ற அச்சம் மக்களைச் சூழ்கிறது. விலை அவர்கள் தலையில் விழுந்தது.

கவெய்ன் வேறு விதம். வந்தவனை ஒரு வெட்டு வெட்டிவிட்டு, பின்னாளில் பதில் வெட்டுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று ஆர்தர் மன்னருக்கு வந்த அறைகூவலைத் தானே ஏற்கிறான். அவையில் நானே எளியவன், என் உயிர் போனால் இழப்புக் குறைவு என்கிறான். பிறகு உயிராசையால் ஒரு பச்சைக் கச்சையை மறைத்துவைத்து, கொடுத்த வாக்கில் சிறிது வழுவுகிறான். கழுத்தில் சிறு கீறலோடு தப்பியவன், தன் வழுவை அவை நடுவே தானே சொல்லி, அந்தக் கச்சையை அவமானச் சின்னமாக அணிந்துகொள்கிறான். அவனுடைய விலையை அவனே கொடுத்தான், வேறு யாரும் சாகவில்லை. என்னைக் கேட்டால், மூவரில் மிகச் சிறிய செயல் செய்தவன் அவன். மிகத் தெளிந்த மனமும் அவனுடையதுதான்.

இப்போது உன் வரைவுக்கு வருகிறேன். உன் கட்டபொம்மன் ஒரு காசும் கட்டாதவனாக வருகிறான். ஆவணம் வேறு சொல்கிறது. 1798 மே இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அவர் வைத்திருந்த கிஸ்திப் பாக்கி 3,310 வராகன். அந்த ஆண்டு செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன் இராமநாதபுரத்தில் கணக்குப் பார்த்தபோது எஞ்சியது 1,080 வராகன்தான். பெரும்பகுதியைக் கட்டிவிட்ட ஒருவரை, ஊர் ஊராகத் தன் பின்னால் அலையவைத்து, கடைசியில் நிற்கவைத்தே விசாரித்தார் கலெக்டர். இதை மறைத்தால் உனக்கு ஒரு வீர வசனம் மிஞ்சும். சொன்னால் ஒரு மனிதர் கிடைப்பார்: பணத்துக்கு இணங்கி, அவமதிப்புக்கு இணங்காதவர். அவருடைய நோக்கம் அங்கேதான் துலங்குகிறது.

விலையையும் பாடு. 1799 செப்டம்பரில் கம்பெனித் தளபதி பானர்மனின் படை கோட்டையைத் தாக்கியது. கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். அவருடைய அமைச்சர் தானாபதி பிள்ளை பிடிபட்டு நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனுக்கும் அதே முடிவு. பானர்மன் எழுதிய அறிக்கையில், எதிரியின் கையாலேயே பதிவான இரண்டு செய்திகள் உண்டு. மரத்தை நோக்கித் தலைநிமிர்ந்து நடந்த அவர், தம் ஊமைத் தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அதைக் காத்து அங்கேயே செத்திருக்கலாம் என்று வருந்தினார். உன் வரைவில் இந்த இரண்டும் இல்லை. வருத்தப்படும் நாயகனைப் பாடினால் கூட்டம் கலைந்துவிடும் என்று அஞ்சாதே. குடத்தையும் உடுக்கையையும் நிறுத்தச் சொல்லி, தாளம் மட்டும் மெல்ல ஒலிக்க அந்த வரியைப் பாடு.

தம்பி ஊமைத்துரையின் கதை உன் சொந்த ஊருக்குள்ளேயே வருகிறது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியவர் இடிக்கப்பட்டுக் கிடந்த கோட்டையைச் சில நாட்களில் எழுப்பினார். அவர் ஆட்கள் தூத்துக்குடியையும் கைப்பற்றினார்கள். அப்போது பிடிபட்ட துறைமுகத்து ஆங்கிலேய அதிகாரி ஒருவரைப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோக, அவர் மனைவி பின்னாலேயே போய் மன்றாடினார். அதிகாரியை விடுவித்து அனுப்பினார்கள். 1881இல் வெளிவந்த கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு இதைச் சொல்கிறது. அண்ணனைத் தூக்கிலிட்டவர்களின் ஆள் கையில் கிடைத்திருக்கிறார், கொன்றால் கேட்பாரில்லை. அப்படி ஒரு நேரத்தில் ஒருவர் செய்வதுதான் அவருடைய பெருந்தன்மைக்குச் சான்று. ஊமைத்துரையின் வாள்வீச்சுக்கு நீ ஒதுக்கியிருக்கும் இடத்தில் பாதியை இந்த நிகழ்ச்சிக்குக் கொடு. துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் முன்னால் நீ பாடப்போகிறாய். அவர்கள் ஊரில் நடந்தது இது.

முத்துக் குளிப்பில் மூழ்குபவரின் உயிர், மேலே வள்ளத்தில் கயிறு பிடித்திருப்பவர் கையில் இருந்தது. நாயகர்களின் கதையும் அப்படித்தான். கயிறு பிடித்தவர்களைப் பாடாமல் மூழ்கியவரைப் பாட முடியாது. மால்டன் கவிஞர் இதை அறிந்தவர். தலைவர் விழுந்த பின் நின்று போரிட்டவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பேசவைக்கிறார். டன்னெரெ என்ற எளிய குடியானவனுக்கும் ஈட்டியை அசைத்துப் பேச ஒரு இடம் உண்டு. தலைவரின் குதிரையிலேறி ஓடிய காட்ரிக்கின் பெயரும் உண்டு.

நம் பக்கம் என்ன இருக்கிறது தெரியுமா? 1801 மே 24இல் கோட்டை விழுந்தது. களத்தில் ஒரு தாய் தன் மகனைத் தேடி வந்தாள். குற்றுயிராகக் கிடந்த மகன், என்னை விட்டுவிடு, பக்கத்தில் காயத்தோடு கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்றான். சாமி என்று அவன் சொன்னது ஊமைத்துரையை. பெண்கள் அவரைத் தூக்கிப்போய், கம்பெனிக்குத் துணைநின்று தேடிவந்த எட்டயபுரம் ஆட்கள் முன்னால் அம்மை கண்டு இறந்தவர் என்று ஒப்பாரி வைத்தார்கள்; வந்தவர்கள் அஞ்சி ஓடினார்கள். அந்தப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் வியந்து எழுதிய நிகழ்ச்சி இது. அந்த மகனின் பெயரை அவர் எழுதவில்லை. நீயும் இட்டுக்கட்டாதே. பெயரில்லாதவனாகவே, தாயின் வாய்மொழியாக அவனைப் பாடு. கட்டபொம்மனின் படைவீரர் வெள்ளையத்தேவனைப் போருக்குப் போக வேண்டாமென்று தடுத்துப் பார்த்த அவர் மனைவி வெள்ளையம்மாளின் கனவும் மக்கள் பாட்டில் இருக்கிறது. போருக்குப் போனவனின் மானத்துக்கு வீட்டில் விலை கொடுத்தவள் அவள். அவளுக்கு நீ இரண்டு அடிதான் கொடுத்திருக்கிறாய். அது போதாது.

வேலையைப் பற்றி மூன்று சொல்கிறேன். எட்டயபுரத்தாரையும் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த புதுக்கோட்டைத் தொண்டைமானையும் வெறும் துரோகி என்ற ஒரு சொல்லில் அடைத்துவிடாதே. அவர்களுக்கும் அச்சம் இருந்தது; எட்டயபுரத்தாருக்குப் பழைய எல்லைப் பகையும் இருந்தது. அதைக் கேட்டவர்கள் தாங்களே தீர்ப்புச் சொல்வார்கள். அடுத்து, கட்டபொம்மனின் தளபதி சுந்தரலிங்கத்தின் தியாகம்போல மக்கள் நினைவில் வாழ்வதை மக்கள் நினைவு என்றும், அறிக்கையில் உள்ளதை அறிக்கை என்றும் அவையில் சொல்லிவிட்டுப் பாடு. இரண்டுமே உண்மையின் இரு வழிகள். கடைசியாக, சாதிக்கொரு நாயகனைப் பிரித்துக் கேட்கும் வழக்கம் நம் பக்கம் வலுத்திருக்கிறது. அந்தக் கோட்டைக்காகப் பல குலத்தார் செத்தார்கள். கொடைவிழா நடத்துபவர்கள் சிலரை விட்டுவிடச் சொன்னால், அந்தக் கொடைக்குப் போகாதே.

யார் உயர்ந்தவர் என்ற உன் கேள்விக்கு இப்போது சொல்கிறேன். தன் மானத்துக்கான விலையை அறிந்து, அதைச் சுமந்தவர் உயர்ந்தவர். கவெய்ன் அதைச் செய்தான், கயத்தாற்று மரத்தடியில் கட்டபொம்மனும் செய்தார். பிர்த்நாத்தும் பெயோவுல்ஃபும் அதைச் செய்யாமலே மடிந்தார்கள். அவர்களுக்காக அவர்களுடைய கவிஞர்கள் சுமந்தார்கள். உன் பாட்டில் அந்தச் சுமை உன்னுடையது. வரைவைத் திருத்தி, வாழி பாடுவதற்கு முன் விலை கொடுத்த அத்தனை பேரும் வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்து அனுப்பு. அரங்கேற்றத்துக்கு முன்வரிசையில் நான் இருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்