இணையம் எந்த இடத்தில் நின்றது?

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இணையவழித் தேர்வின் நடுவே திரை அசையாமல் நின்றால், "நெட் இல்லை" என்று மாணவர்களை வகுப்புக்கு அனுப்பிவிடுகிறோம். அவர்களுக்குத் தேர்வு வாய்ப்பே போய்விடுகிறது. பழுது நம் அறையிலா, வெளியிலா என்பதைச் சில நிமிடங்களில் அறியலாம். திருவொற்றியூரில் ஒன்பதாம் வகுப்புக்கு இதைப் பாடமாகவே நடத்துகிறேன்.

துறைமுகம் செல்லும் கன்டெய்னர் லாரிகளை எங்கள் மாணவர்கள் தினமும் பார்க்கிறார்கள். லாரி பல சோதனைச் சாவடிகளைக் கடப்பதுபோல, தகவலும் சிறு பொட்டலங்களாகப் பிரிந்து பல ரவுட்டர்களைக் கடக்கிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு ரவுட்டரும் அதில் 1-ஐக் கழிக்கும். எண் பூச்சியமானால் பொட்டலத்தை நிறுத்தி, அனுப்பிய கணினிக்குத் தகவல் தரும். பொட்டலங்கள் முடிவின்றிச் சுற்றாமலிருக்கவே இந்த விதி. இதைக் கொண்டு வான் ஜேக்கப்சன் உருவாக்கிய கருவியே ட்ரேஸ்ரூட். எண் 1 இட்டு அனுப்பினால் முதல் ரவுட்டர் பதில் தரும். 2 இட்டால் இரண்டாவது. இப்படியே வழி முழுவதும் தெரியும்.

செய்முறை: விண்டோஸ் கணினியில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி என்ற ஏழு ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடைவெளி விட்டு 8.8.8.8 என இட்டு என்டர் அழுத்துங்கள். ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஒரு வரியும், அதில் மூன்று நேர அளவுகளும் வரும்.

எப்படிப் படிப்பது?

1. முதல் வரியிலிருந்தே எதுவும் வராவிட்டால், பழுது பெரும்பாலும் பள்ளிக்குள்தான். கேபிள், ஸ்விட்ச், ரவுட்டரைப் பாருங்கள்.
2. முதல் வரி வந்து, பிறகு கடைசிவரை நட்சத்திரக் குறிகளே வந்தால், வெளி இணைப்பைச் சந்தேகியுங்கள்.
3. நடுவில் மட்டும் நட்சத்திரம் வந்தால் கவலை வேண்டாம். அந்த ரவுட்டர் பதில் சொல்வதில்லை, பொட்டலம் கடந்துவிட்டது.
4. இறுதிவரை வழி தெரிந்தும் இணையதளங்கள் மட்டும் திறக்காவிட்டால், பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவையில் பழுது இருக்கலாம்.

நேரத்தைக் கணக்குப் பாடமாக்கலாம். சென்னை–சிங்கப்பூர் கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்லும். போய்வர 32 மில்லி நொடி போதும். பக்கத்து மேசை ரவுட்டருக்கே 100 மில்லி நொடி ஆனால் பழுது எங்கே? மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

இணையம் நன்றாக இயங்கும் நாளில் இந்தப் பட்டியலை எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டிவையுங்கள். பழுதான நாளில் ஒப்பிட்டு, எந்த வரியில் நின்றது என்று குறிப்பிட்டுப் புகார் கொடுங்கள்.